கோட்டைக் காதலும் குடிசைச் சாட்சியமும்

கதை ஏறத்தாழ ஒன்றுதான், அட்டைப்படமும் ஒன்றுதான். மூடுபனி தவழும் மலைச்சாரல்; ஏரிக்கரையில் ஒரு கற்கோட்டை; கட்டம்போட்ட கம்பளித் துணியை இடுப்பில் சுற்றித் தோளில் எறிந்து, உருவிய வாளோடு நிற்கும் ஒரு குலத்தலைவன்; அவனை முதலில் வெறுத்துப் பின்னர் உயிரினும் மேலாக விரும்பும் ஓர் ஆங்கிலேய நங்கை. ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலங்களைக் களமாகக் கொண்ட வரலாற்றுக் காதற் புதினங்கள் இந்த ஓர் அச்சிலேயே ஏராளமாக வார்க்கப்பட்டுள்ளன. 1989-இல் ஜூலி கார்வுட் எழுதிய ‘தி பிரைட்’, 1991-இல் டயானா கேபல்டன் எழுதிய ‘அவுட்லேண்டர்’ ஆகியவை அவற்றுள் பெரும்புகழ் பெற்றவை. பின்னது 2014-இல் தொலைக்காட்சித் தொடராகவும் உருவெடுத்து, கடல் கடந்து நம் பிள்ளைகளின் கைப்பேசித் திரை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இத்தகைய நூல்களைக் குறித்து ஒரு பங்குக்குரு எழுதப் புகுந்தால், அவர் எதைச் சொல்லப்போகிறார் என்பதை வாசக அன்பர்கள் முன்கூட்டியே ஊகித்துவிடுவார்கள். பள்ளியறைக் காட்சிகளைக் கண்டித்துவிட்டு, இளைஞருக்கு நல்லறிவுரை கூறி முடித்துவிடுவார் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். அந்தக் கண்டனத்தைச் செய்ய வேறு பலர் உளர். என் வழக்கு அதுவன்று. இப்புதினங்கள் மீது நான் சுமத்துவது அதனினும் கனமான குற்றச்சாட்டு: இவை பொய்ச்சான்று பகர்கின்றன. அதுவும் இறந்துபோன ஏழைகளுக்கு எதிராக, எழுந்து வந்து மறுத்துரைக்க இயலாதவர்களுக்கு எதிராகப் பகர்கின்றன. வஞ்சித்தவனை வள்ளலாகவும், வஞ்சிக்கப்பட்டவர்களை அவன் பின்னே விளக்கேந்தி நிற்கும் கூட்டமாகவும் ஆக்கிக் காட்டுகின்றன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தந்தை எனப்பட்டவன்

‘கிளான்’ என்னும் சொல்லை நாம் குலம் என்று பெயர்க்கிறோம். மலைநாட்டாரின் கேலிக் மொழியில் அதன் நேர்ப்பொருள் ‘பிள்ளைகள்’ என்பதாகும். தலைவன் தந்தை, குடிகள் அவன் மக்கள். அவர்கள் அவனுக்குப் போரில் உயிர் கொடுப்பார்கள், உழைப்பையும் விளைச்சலையும் கொடுப்பார்கள். அவன் அவர்களுக்குக் காப்பாக நிற்பான். தலைமுறை தலைமுறையாகத் தாம் உழுது வாழ்ந்த மண்ணில் தொடர்ந்து வாழும் உரிமை தமக்கு உண்டு என்பது அக்குடிகளின் அசையாத நம்பிக்கை. ‘தூகஸ்’ என்று அவ்வுரிமைக்கு அவர்கள் பெயரிட்டிருந்தார்கள். ஆனால் அது அவர்கள் நெஞ்சில் எழுதப்பட்டிருந்ததேயன்றி எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. பத்திரம் தலைவனின் பேழைக்குள் இருந்தது. அதில் அவன் பெயர் மட்டுமே இருந்தது.

காதற் புதினங்கள் இந்தத் தந்தை-மக்கள் உறவையே தம் மூலதனமாகக் கொள்கின்றன. தலைவன் கடுமையானவன், ஆயினும் தன் மக்களுக்காக உருகுபவன். குளிர்காலத்தில் கிழவிக்கு விறகு கொடுப்பான். அநாதைக் குழந்தையைத் தோளில் தூக்குவான். அவனைக் கெடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1746-இல் கலோடன் களத்தில் மலைநாட்டுப் படை அழிந்த பின்னரே பொற்காலம் மறைந்தது என்பது அவை ஓதும் பாடம்.

வரலாறு கூறுவது என்ன? கலோடன் போருக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1739-இல், ஸ்கை, ஹாரிஸ் என்னும் தீவுகளிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஏறத்தாழ நூறு பேர் வலுக்கட்டாயமாக ஒரு கப்பலில் ஏற்றப்பட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒப்பந்தக் கூலிகளாக அவர்களை விற்பதே திட்டம். கப்பல் வழியில் அயர்லாந்தின் டோனகடீ துறைமுகத்தை அடைந்தபோது அவர்கள் தப்பிச் செல்ல, செய்தி வெளிப்பட்டது. அத்தீவுகளின் தலைவர்களான டன்வெகன் மக்லவுட், ஸ்லீட் மக்டொனால்ட் ஆகிய இருவருமே இதற்கு உடந்தை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. ‘மக்களின் கப்பல்’ என்று அத்தீவினர் அந்நிகழ்ச்சியை நினைவில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைச் சந்தைக்கு அனுப்பத் துணிந்த தந்தையர் கலோடனுக்கு முன்பே இருந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. இந்தக் கப்பலைக் கதைக்களமாக்கி எழுதக் காதற் புதின ஆசிரியருள் முன்வருபவர் யார்?

கலோடன் களத்திற்கு வந்தோரைக் குறித்தும் ஒரு சொல். தலைவன் எரிசிலுவையை ஊர் ஊராக அனுப்பியதும் இளைஞர்கள் ஆர்ப்பரித்து எழுந்து வந்ததாகக் கதைகள் கூறும். ஆனால் 1745-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்ட எளிய வீரர் பலர், கூரைக்குத் தீ வைப்போம், கால்நடைகளை ஓட்டிச் செல்வோம் என்று மிரட்டித் தங்களை இழுத்து வந்ததாக வாக்குமூலம் தந்துள்ளார்கள். தூக்குக் கயிற்றிலிருந்து தப்பச் சொன்ன சாக்கு என்று சிலர் அதனைத் தள்ளிவிடுவர். சில சாக்காகவும் இருக்கலாம். அத்தனையும் சாக்கென்று தள்ளுவதற்கு நெஞ்சில் ஈரம் வற்றியிருக்க வேண்டும்.

கடத்தல் காதலாகுமா?

இப்புதினங்கள் விரும்பிக் கையாளும் கதைப்பின்னல் கட்டாய மணமாகும். அரசன் ஆணையிட, அல்லது தலைவனே கவர்ந்து செல்ல, விருப்பமில்லாத பெண் மனைவியாகிறாள். நூறு பக்கங்களுக்குள் அவளே அவனை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறாள். ‘தி பிரைட்’ அரச ஆணையால் நிகழும் மணத்தில் தொடங்குகிறது. ‘அவுட்லேண்டர்’ நாயகியும் உயிருக்கு அஞ்சியே மணத்திற்கு இசைகிறாள். பின்னர்க் கணவன் அவளைக் கச்சையால் அடிக்கும் காட்சியும் அதில் உண்டு. ‘அக்காலத்து வழக்கம் அப்படி’ என்பது வழக்கமான சமாதானம்.

அக்காலத்தையே கேட்போம். 1697-இல் சைமன் ஃபிரேசர் என்பவர், லொவட் பிரபுவின் கைம்பெண்ணாயிருந்த அமேலியா சீமாட்டியைச் சிறைப்படுத்தி, வலுக்கட்டாயமாகத் தாலி கட்டாத குறையாக மணந்து கொண்டார். அவள் அலறல் வெளியே கேளாதவாறு குழலிசைக் கருவியை ஓங்கி ஊதச் செய்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. அவள் கேட்டதெல்லாம் அக்குலத்தின் தலைமைப் பட்டத்திற்கு ஒரு படிக்கட்டாக அவருக்குத் தேவைப்பட்டது. அந்த சைமன் ஃபிரேசரே பின்னாளில் லொவட் பிரபுவாகி, 1747-இல் இலண்டனில் தலை வெட்டுண்டு இறந்தவர். கேபல்டனின் புகழ்பெற்ற நாயகன் இந்தப் பிரபுவின் பேரனாகப் படைக்கப்பட்டிருக்கிறான் என்பதை அன்பர்கள் கருத வேண்டும். பாட்டனின் இரத்தம் பேரனிடம் காதலாகக் கனிந்துவிட்டதாம்!

இன்னொரு வழக்கு. 1750-ஆம் ஆண்டு டிசம்பரில், புகழ்பெற்ற ராப் ராயின் மகன் ராபின் ஓக், ஜீன் கே என்னும் இளம் கைம்பெண்ணை அவள் வீட்டிலிருந்து ஆயுதமேந்திய ஆட்களோடு தூக்கிச் சென்று மணந்தான். அவளுக்குச் சொத்து இருந்தது என்பதே காரணம். மீட்கப்பட்ட அப்பெண் அடுத்த ஆண்டே இறந்து போனாள். ராபின் ஓக் 1754-இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டான். ஆகவே ‘அக்காலத்து வழக்கம்’ என்பதும் பொய். அக்காலத்து நீதிமன்றமே அதனைத் தூக்குத் தண்டனைக்குரிய குற்றமென்று தீர்த்தது. அந்த ஜீன் கே நூறு பக்கம் கழித்துக் காதலில் விழவில்லை; ஓராண்டில் கல்லறைக்குள் விழுந்தாள். ‘ராப் ராய்’ புதினத்திற்கு 1829-இல் எழுதிய முன்னுரையில் சர் வால்ட்டர் ஸ்காட்டே இவ்வழக்கை விரிவாகக் கூறியிருக்கிறார். எனவே இவ்வகைப் புதினத்தின் பாட்டனாருக்கு உண்மை தெரிந்திருந்தது. பேரப் பிள்ளைகள் முன்னுரையைப் படிப்பதில்லை போலும்.

இரு நிகழ்ச்சிகளின் ஆண்டு

இனி, 1814-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் எடின்பரோவில் ஆசிரியர் பெயரின்றி ஒரு புதினம் வெளிவந்தது. ஸ்காட் எழுதிய ‘வேவர்லி’ அது. 1745 கிளர்ச்சியைக் களமாகக் கொண்ட அந்நூல் ஐரோப்பாவெங்கும் பரவி, வரலாற்றுப் புதினம் என்னும் இலக்கிய வகைக்கே வழி திறந்தது. மலைநாட்டுத் தலைவன் மீது உலகம் காதல் கொண்டது அப்போதிலிருந்துதான்.

அதற்கு முந்தைய திங்களில், அதே ஸ்காட்லாந்தின் வடகோடியில், சதர்லாந்துச் சீமாட்டிக்குச் சொந்தமான ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன. குடிகளைக் கிளப்பிவிட்டு அந்நிலத்தை ஆட்டுப் பண்ணைக்கு விடுவது திட்டம். ஆட்டுக் கம்பளியால் வரும் குத்தகை, மனிதர் தரும் குத்தகையைவிட அதிகம் என்பது கணக்கு. வெளியேற்றத்தை நடத்திய மேலாளர் பேட்ரிக் செல்லர். அந்த ஆட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் அவரே. மக்கள் திரும்பி வந்து கூரை வேயாதவாறு உத்தரங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. மரமில்லாத அந்நாட்டில் உத்தரம் போனால் வீடு போயிற்று. ஏறத்தாழ நூறு வயதில் படுக்கையில் கிடந்த மார்கரெட் மக்கே என்னும் மூதாட்டி இருந்த வீட்டுக்கும் தீ வைத்ததாகச் செல்லர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. போர்வையில் தீப்பற்றிய நிலையில் அவளைத் தூக்கி வந்தார்கள் என்றும், சில நாள்களில் அவள் இறந்தாள் என்றும் சாட்சிகள் கூறினர். 1816 ஏப்ரலில் இன்வர்னஸ் நகரில் விசாரணை நடந்தது. நிலமுடையோர் நிறைந்த நடுவர் குழு செல்லரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அவரைக் கைது செய்த அதிகாரி பதவியிழந்து, மன்னிப்பும் கேட்க நேர்ந்தது.

ஜூனில் குடிசை எரிகிறது. ஜூலையில் காதற் கனவு அச்சேறுகிறது. இது தற்செயலே, ஸ்காட் தீ வைக்கவில்லை. ஆயினும் குடிகள் மறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அவர்களை மறைத்தவர்களின் வகுப்பு இலக்கியத்தில் தெய்வீக ஒளி பெற்றது என்பதை மறுப்பார் உளரோ?

ஐயம் இருப்பவர்கள் கிளென்கரித் தலைவன் அலஸ்டேர் மக்டொனெல்லைப் பார்க்கலாம். ‘வேவர்லி’யில் வரும் குலத்தலைவன் ஃபெர்கஸ் மக்கைவருக்கு இவரே முன்மாதிரி என்பது பரவலான கருத்து. ஸ்காட்டின் நண்பர், ஸ்காட் உயிராய் வளர்த்த மைடா என்னும் நாயைப் பரிசளித்தவர். முழு மலைநாட்டு உடையில் பரிவாரத்தோடு வலம் வருவார். உண்மை மலைநாட்டார் சங்கம் என ஒன்றை 1815-இல் நிறுவினார். ஓவியர் ரேபர்ன் தீட்டிய அவரது திருவுருவம் இன்றும் பார்ப்போர் மனத்தை அள்ளும். அவருடைய நிலத்தில் என்ன நடந்தது? ஆடுகளுக்காக மனிதர் வெளியேற்றப்பட்டார்கள். காடுகள் வெட்டி விற்கப்பட்டன. கிளென்கரி மக்கள் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களோடு சென்ற கத்தோலிக்கக் குரு அலெக்சாண்டர் மக்டொனெல், பின்னாளில் கிங்ஸ்டன் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். காதற் புதினம் தலைவனின் உடையைப் பார்த்தது. குரு மக்களின் கந்தலைப் பார்த்தார்.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது வரவேற்பை வடிவமைத்தவரும் ஸ்காட்டே. மன்னர் மலைநாட்டு உடை தரித்தார். தலைவர்கள் வாள் ஏந்தி அணிவகுத்தார்கள். 1746-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டு 1782 வரை எளிய மலைநாட்டார் அணியக்கூடாதிருந்த உடை, அவர்களை வெளியேற்றியோரின் விழாக்கோலமாக மாறிற்று. குலத்திற்கு ஒரு கட்டத் துணி என்று இன்று கடைகளில் விற்கப்படும் வகைகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. புதின நாயகன் தோளில் கிடக்கும் அந்தத் துணியே ஒரு கற்பனை.

வாய் திறந்த ஒருவன்

ஸ்காட் மேதை, அதில் ஐயமில்லை. அவரைப் போலி எழுத்தாளரோடு ஒரே தட்டில் வைப்பது அறமாகாது. ஆகவே அவருடைய சிறந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். ‘வேவர்லி’யின் இறுதியில் ஃபெர்கசுக்கு மரண தண்டனை விதிக்கப்படும் வேளையில், எவன் டூ என்னும் அவனுடைய எளிய குடிமகன் எழுந்து பேசுகிறான். தலைவனை விட்டுவிட்டால் அவனுக்கு ஈடாகக் குலத்தின் சிறந்த ஆறு பேர் சாகத் தயார். தன்னிலிருந்தே தொடங்கலாம் என்கிறான். நீதிமன்றத்தில் சிலர் சிரிக்க, அவன் அவர்களைக் கடிந்துகொள்கிறான். உள்ளத்தை உலுக்கும் காட்சிதான்.

ஆனால் நின்று சிந்தியுங்கள். அந்தப் பெருங்கதையில் ஏழைக் குடியானவன் உலகத்தின் முன் வாய் திறக்கும் தருணம் அது. எதற்காகத் திறக்கிறான்? தலைவனுக்குப் பதிலாகச் செத்துப்போக அனுமதி கேட்பதற்காக! அவனுக்கு வேறு குறை ஒன்றுமே இருக்கவில்லையா? குத்தகை பற்றி, குளிர் பற்றி, போரில் மடிந்த மகன் பற்றி ஒரு சொல்லும் இல்லையா? பொன்னூசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ளலாகாது. மேதையின் கையிலேயே இப்படியென்றால், அவர் வழிவந்த மலிவுப் பதிப்புகளில் குடியானவனுக்கு என்ன குரல் கிட்டும்?

உண்மையில் அவர்கள் தலைவர்களுக்குப் பதிலாகச் செத்தார்கள். அதற்கு நம் மண்ணே சாட்சி. 1745 கிளர்ச்சியில் சேர்ந்து குடும்ப நிலங்களை இழந்த ஜான் மக்கென்சி என்னும் மக்லவுட் பிரபு, அரசின் தயவைப் பெறும் பொருட்டு 1778-இல் மலைநாட்டாரைத் திரட்டி ஒரு படைப்பிரிவை அமைத்துக் கொடுத்தார். அது 1780 ஜனவரியில் சென்னை வந்திறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்திற்கு அண்மையில் உள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையைத் திப்பு சுல்தானும் ஹைதர் அலியும் நிர்மூலமாக்கியபோது, அதில் இப்படைப்பிரிவின் வீரர்களும் வீழ்ந்தார்கள். எஞ்சியோர் சீரங்கப்பட்டினச் சிறையில் வாடினார்கள். 1784-இல் மக்லவுட் பிரபுவுக்குக் குடும்ப நிலங்கள் திரும்பக் கிடைத்தன. கேலிக் மொழி பேசிய அந்த உழவர் மக்கள் நம் காஞ்சி மண்ணில் புதையுண்டார்கள். கிடைத்த நிலமோ தலைவனுடையது.

இளவரசரும் தீவு மக்களும்

கத்தோலிக்க வாசகர்களுக்கு இக்கதைகளில் ஒரு தனிச் சபலம் உண்டு. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டுவர்ட் கத்தோலிக்கர்; உரோமையில் பிறந்து வளர்ந்தவர். ‘நம்மவர்’ தோற்ற கதை என்பதால் நெஞ்சு கொஞ்சம் கூடுதலாகவே இளகுகிறது. அவ்விளக்கத்தைச் சற்று அடக்கிக்கொண்டு இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

கலோடனிலிருந்து தப்பிய இளவரசர், 1750-இல் இரகசியமாக இலண்டன் சென்று, கத்தோலிக்க விசுவாசத்தை விட்டு ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். அரியணைக்கு அது வழி திறக்கும் என்று எண்ணினார். அரியணையும் கிட்டவில்லை. பின்னாளில் அவர் தாய்ச்சபைக்குத் திரும்பினார் என்பதும் உண்மையே.

1770 வாக்கில் தென் யூயிஸ்ட் தீவில், பாய்ஸ்டேல் என்னும் பகுதியின் நிலக்கிழாரான காலின் மக்டொனால்ட், தம் கத்தோலிக்கக் குடிகள் விசுவாசத்தைக் கைவிட வேண்டும், இல்லையேல் நிலத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று நெருக்கினார். கையில் கோலேந்தி மக்களைக் கோவிலுக்கு ஓட்டும் நிலக்கிழார்களின் சமயத்தை ‘மஞ்சள் கோலின் மதம்’ என்றே அத்தீவுகளில் ஏளனமாகக் குறிப்பிட்டார்கள். தென் யூயிஸ்ட் மக்கள் பணியவில்லை. அவர்களுடைய துன்பத்தை எடுத்துரைத்து ஆயர் ஜார்ஜ் ஹே நிதி திரட்டினார். கிளனலடேல் ஜான் மக்டொனால்ட் தம் சொத்தை ஈடுவைத்து ஏற்பாடு செய்ய, 1772-இல் ஏறத்தாழ இருநூறு பேர் ‘அலெக்சாண்டர்’ என்னும் கப்பலில் கனடாவின் இன்றைய பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குப் புறப்பட்டார்கள். நிலக்கிழாருள்ளும் மனிதர் இருந்தார் என்பதற்கு இந்தக் கிளனலடேல் சான்று. அதையும் சொல்லிவிடுவதே நீதி.

மகுடத்திற்காக விசுவாசத்தை மாற்றிய இளவரசரைப் பற்றி எத்தனை புதினங்கள்! மண்ணை இழந்தும் விசுவாசத்தை விடாத குடியானவர்களைப் பற்றி எத்தனை? காதலனாக நிற்க எவருக்குத் தகுதி அதிகம்?

அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் காலத்திலும் துன்பம் ஓயவில்லை. தென் யூயிஸ்ட், பாரா ஆகிய கத்தோலிக்கத் தீவுகளைப் பின்னர் விலைக்கு வாங்கிய கர்னல் கார்டன் என்னும் செல்வர், 1851-இல் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார். குத்தகை பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்து, வந்தவர்களைப் பிடித்து ஏற்றியதாகவும், ஓடியவர்களைத் துரத்திப் பிடித்ததாகவும் சாட்சியங்கள் உள்ளன. கியூபெக் துறைமுகத்தில் இறங்கியபோது அவர்களிடம் உடுத்த மாற்றுத் துணியும் இல்லை.

சதர்லாந்திலோ, அரசு சார்ந்த சபையின் போதகர்களில் பெரும்பாலோர் நிலக்கிழாரின் பக்கம் நின்றார்கள். வெளியேற்றம் மக்களின் பாவத்திற்குக் கடவுள் தந்த தண்டனை என்று போதித்தவர்களும் உண்டு. வேறு சபையினர்தாமே என்று நாம் விரல் நீட்டிவிட வேண்டாம். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபுக்குச் சாதகமாக விளக்கும் சோதனை எல்லாச் சபைகளின் பீடங்களுக்கும் வருவதுதான்.

மறுப்புரைகளுக்கு விடை

‘இவை பொழுதுபோக்குதாமே, களைத்து வந்த பெண்ணொருத்தி இரவில் இரண்டு மணி நேரம் கனவு காண்பதற்கு இத்தனை வழக்கா?’ என்று கேட்கலாம். கனவு காணட்டும். ஆனால் கற்பனை நாட்டில் காணட்டும். கலோடன், ஃபிரேசர், மக்டொனால்ட், 1745 என்று மெய்யான ஊரையும் பெயரையும் ஆண்டையும் எடுத்துக்கொண்டால், மெய்யான மனிதரின் கடனும் கூடவே வந்து சேரும். வரலாற்றின் மதிப்பையும் வாங்கிக்கொண்டு, வரலாற்றின் பொறுப்பைத் தள்ளிவிடுவது நேர்மையன்று.

‘வரலாற்றில் ஆர்வத்தை ஊட்டுகின்றனவே’ என்பது அடுத்த வாதம். ஓரளவு உண்மை. கேபல்டனின் தொடர் கலோடனையும் அதன் பின்விளைவான துயரத்தையும் மறைக்கவில்லை. அவருடைய உழைப்பையும் குறைத்துப் பேசலாகாது. ஆனால் அந்த நாயகன் அகதியாக அமெரிக்கா சென்ற பின் என்ன ஆகிறான்? 1996-இல் வெளிவந்த நான்காம் நூலில் ஆளுநர் அவனுக்குப் பத்தாயிரம் ஏக்கர் நிலம் வழங்குகிறார். குடிகளைக் குடியேற்றி மீண்டும் தலைவனாகிறான். நிலமிழந்தவனும் நிலக்கிழாராக ஆனால்தான் காதலுக்குத் தகுதி பெறுவான் என்பது இவ்வகைப் புதினத்தின் எழுதாத சட்டம். அந்தப் பத்தாயிரம் ஏக்கரில் முன்பே வாழ்ந்த பழங்குடியினருக்கும் ஒரு ‘தூகஸ்’ இருந்ததே என்று கேட்டால், கனவு கலைந்துவிடும்.

‘ஏழைகளின் துயரத்தை எழுதினால் யார் படிப்பார்கள்?’ என்பது மூன்றாவது. எழுதினார்கள், படித்தார்கள். நீல் கன் 1934-இல் எழுதிய ‘புட்சர்ஸ் புரூம்’ சதர்லாந்து வெளியேற்றத்தைச் சொல்லும் புதினம். அயன் கிரிக்டன் ஸ்மித் 1968-இல் எழுதிய ‘கன்சிடர் தி லிலீஸ்’ நற்செய்தித் தொடரொன்றையே தலைப்பாகக் கொண்டது. வெளியேற்ற ஆணை பெற்ற ஒரு கிழவி, தன் சபைப் போதகரிடம் ஓடி ஏமாறுவதும், அவள் வெறுத்து ஒதுக்கிய நாத்திகக் கல்தச்சன் துணை நிற்பதுமே கதை. கோட்டையில்லை, வாளில்லை; ஆயினும் மனம் கனத்துப் போகிறது. ஸ்காட்டும் ‘மலைநாட்டுக் கைம்பெண்’ என்னும் பொருள்படும் தம் 1827-ஆம் ஆண்டுச் சிறுகதையில் ஓர் ஏழைத் தாயை நடுவில் வைத்தபோது, அவள் முன் குலத்தலைவர்கள் மங்கிப் போகிறார்கள்.

இவ்வழக்கு நமக்கு முற்றிலும் அயலானதன்று. தமிழில் வரலாற்றுப் புதினத்தை வளர்த்த கல்கியிடம் ஸ்காட், டூமா ஆகியோரின் தாக்கம் உண்டு என்று திறனாய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். இளவரசரோடு குதிரையேறிச் சென்ற நாமும், வழியோர வயலில் குனிந்து நின்றவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தோமா? இதனை எண்ணிப் பார்க்கும் பொறுப்பை வாசகரிடமே விடுகிறேன்.

ஏழைகள் பேசவில்லை, ஆதலால் எழுத வழியில்லை என்று சொல்லவும் இடமில்லை. 1882-இல் ஸ்கை தீவின் பிரேய்ஸ் பகுதிக் குடிகள் வெளியேற்ற ஆணைகளை எதிர்த்துக் கிளர்ந்தெழ, அடுத்த ஆண்டு அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். கூவம் கடலில் கலக்குமிடத்தில் நிற்கும் நேப்பியர் பாலம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அந்த ஆணையம் தீவு தீவாகச் சென்று குடியானவரின் வாய்மொழியைப் பதிவு செய்தது. பிரேய்சில் முதல் சாட்சியாக வந்த அங்கஸ் ஸ்டுவர்ட், பேசத் தொடங்குமுன் ஓர் உறுதி கேட்டார். உண்மையைச் சொன்னதற்காகத் தம்மை நிலத்திலிருந்து வெளியேற்ற மாட்டார்கள் என்ற உறுதியைத்தான் அவர் கேட்டார். அத்தகைய காப்பைத் தரும் ஆற்றல் ஆணையத்திற்கு இல்லை என்றே தலைவர் விடையளிக்க வேண்டியிருந்தது. மேலாளர் அங்கேயே அமர்ந்திருந்தார்.

இத்தகையோரின் சாட்சியங்கள் 1884-இல் தடித்த தொகுதிகளாக அச்சேறின. 1886-இல் குடியானவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி சட்டமும் வந்தது. போன நிலம் திரும்பவில்லை. இருந்த நிலமாவது நிலைத்தது. தலைவர்கள் தந்த கொடையன்று அது. அஞ்சி நடுங்கியும் வாய் திறந்தவர்கள் ஈட்டியது.

எனவே அன்பர்களே, இத்தகைய புதினம் கைக்கு வந்தால் தூக்கி எறியுங்கள் என்று நான் கூறவில்லை. வாசிக்கும்போது மூன்று கேள்விகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டைக்கு விறகு சுமந்தவர் யார்? இந்தத் தலைவனின் குத்தகையைக் கட்டியவர் யார்? இந்தப் பெண் ‘மாட்டேன்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விடை சொல்லாமல் மூடுபனியைக் காட்டி நழுவும் நூல், எவ்வளவு இனிமையாய் எழுதப்பட்டிருந்தாலும், பொய்ச்சான்றே. சாட்சிக் கூண்டில் அங்கஸ் ஸ்டுவர்ட் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அவரைப் பேசவிடுவோம்.